கொல்லன் தெருவில் ஊசி விற்போர்

'கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா?' என்பது நம் முன்னோர் வாக்கு. ஊசி செய்யத் தெரிந்தவனிடமே ஊசியைக் கொண்டுபோய் விலை பேசுவது பேதைமை என்பது அதன் பொருள். வேண்டாத முயற்சியில் இறங்குவோரை எள்ளி நகையாட இப்பழமொழியைப் பலகாலும் எடுத்தாண்டு வருகிறோம். ஆயினும், கடந்த ஐம்பது ஆண்டுக் காலக் கணிப்பொறி வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். கொல்லன் தெருவிலேயே கடை விரித்து, கொல்லர்க்கே ஊசி விற்று, உலகப் புகழ் எய்தியோர் பலர் உளர். மென்பொருள் எழுதும் நிரலாளர்க்கு வேண்டிய கருவிகளைச் செய்து விற்கும் நிறுவனங்களையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

வங்கிக்கும் மருத்துவமனைக்கும் கடைக்கும் மென்பொருள் செய்து தருவது ஒருவகைத் தொழில். அம்மென்பொருளைச் செய்யும் கைகளுக்குக் கருவி செய்து தருவது பிறிதொரு வகைத் தொழில். வீடு கட்டும் தச்சனுக்கும், அவனுக்கு உளி வடித்துத் தரும் கொல்லனுக்கும் உள்ள வேறுபாடு இது. முன்னதில் நம் இளைஞர் ஆயிரம் ஆயிரமாய்ப் பணியாற்றுகின்றனர். பின்னதில் நம்மவர் மிகச் சிலரே. இந்நிலை மாற வேண்டும் என்பதும், மாறும்போது நேரிய வழியில் மாற வேண்டும் என்பதுமே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து.

நீலத்திரை சொல்லும் செய்தி

நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகங்களில் 'சி' மொழி பயின்றோர் எவரும் டர்போ சி என்னும் மென்பொருளின் நீலநிறத் திரையை மறந்திருக்கமாட்டார். உலகின் பிற பகுதிகள் அதனைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் தமிழகக் கல்லூரிகளில் அது நின்று நிலவியது. அத்திரைக்குப் பின்னால் ஒரு தொழில் வரலாறு உண்டு.

1983ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் போர்லாண்ட் என்னும் சிறு நிறுவனம் டர்போ பாஸ்கல் என்ற மென்பொருளை வெளியிட்டது. பிரான்சிலிருந்து குடியேறிய பிலிப் கான் நிறுவனத்தை நடத்தினார். டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்சு எயில்சுபெர்க் அதன் மையப் பகுதியை எழுதினார். நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் இத்தகைய மென்பொருள்கள் அக்காலத்தில் பல நூறு டாலர்க்கு விற்றன. எழுதுவதற்கு ஒரு மென்பொருள், மொழிமாற்ற மற்றொன்று, இயக்கிப் பார்க்கப் பிறிதொன்று என நிரலாளன் அலைந்துகொண்டிருந்தான். போர்லாண்ட் அம்மூன்றையும் ஒரே திரையில் அமைத்து, 49.95 டாலர் என்று விலை வைத்தது. மாணவனும் வாங்கத்தக்க விலை; உழைப்பவனின் நேரத்தை மிச்சப்படுத்தும் விரைவு. இவ்விரண்டுமே அந்நிறுவனத்தை உயர்த்தின. 1987இல் டர்போ சி வந்தது.

ஏன், உலகப் பெருநிறுவனமாகிய மைக்ரோசாப்ட்டின் முதற்பண்டமும் இத்தகையதே. 1975இல் பில் கேட்சும் பால் ஆலனும் ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறிக்கு பேசிக் மொழியை ஆக்கித் தந்தனர். அதனை வாங்கியோர் தாமே நிரல் எழுதப் புகுந்த ஆர்வலர்கள். ஆக, கொல்லர்க்கு ஊசி விற்றே அந்நிறுவனமும் கால் ஊன்றியது.

போர்லாண்டின் பிற்பகுதி வரலாறும் பாடமாவதே. தான் அறிந்த தெருவை விட்டு அலுவலகப் பயன்பாட்டு மென்பொருளில் மைக்ரோசாப்ட்டுடன் மோதப் புகுந்தது. 1991இல் ஆசுடன் டேட் என்ற தரவுத்தள நிறுவனத்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. அச்சுமை அதனைத் தளர்வித்தது. எயில்சுபெர்க்கே 1996இல் மைக்ரோசாப்ட்டுக்குச் சென்றுவிட்டார். 2009இல் போர்லாண்டை மற்றொரு நிறுவனம் விலைக்கு வாங்கியது. தன் வாடிக்கையாளர் யார் என்பதை மறந்த வணிகம் நெடுநாள் நிலைப்பதில்லை.

வாங்குபவனும் வல்லவன்

இத்தொழிலின் தனித்தன்மை யாது? வாங்குபவனும் அதே கலையில் வல்லவன் என்பதே. அவனை விளம்பரம் மயக்காது. விற்பனையாளரின் நாவன்மை அசைக்காது. கருவியை எடுத்துப் பத்து நிமிடம் இயக்கிப் பார்ப்பான். கையேட்டில் சொன்னது சொன்னபடி நடவாவிடின் அப்பொழுதே கைவிடுவான். நன்றாயின் அடுத்த இருக்கையில் இருப்பவனுக்குச் சொல்வான். எனவே, கருவியைச் செய்யும் அளவுக்கே கையேட்டை எழுதுவதற்கும், பிழை நேர்ந்தால் அது யாது என்பதைத் தெளிவாக அறிவிப்பதற்கும், முறையீட்டுக்கு மறுமொழி தருவதற்கும் உழைப்பைச் செலவிட வேண்டும். இவை மூன்றும் விற்பனைக்குப் பின் செய்யும் பணிகள் அல்ல. இத்தெருவில் இவையே விற்பனை.

மற்றோர் இடரும் உண்டு. 'இதனை ஒரு கிழமையில் நானே செய்துகொள்வேனே!' என்பது நிரலாளன் எவனும் முதலில் சொல்லும் சொல். அவன் சொல்வது பெரும்பாலும் உண்மையே. ஆனால், ஒரு கிழமையில் செய்ததை ஒவ்வோர் ஆண்டும் பேணிக் காக்க வேண்டும் என்பதை அவன் எண்ணுவதில்லை. அப்பேணுதற் சுமையைத் தம் தோளில் ஏற்பதற்கே கருவி செய்வோர் விலை பெறுகின்றனர். இதனை உணராதவர் இத்தொழிலில் இறங்குதல் நன்றன்று.

நல்ல கருவிகள் பெரும்பாலும் செய்தவரின் சொந்தத் தேவையிலிருந்தே பிறந்துள்ளன. மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற ரித்தேசு அரோரா, நகுல் அகர்வால் ஆகிய இருவரும் இணையதளம் ஒன்று வெவ்வேறு உலாவிகளில் எவ்வாறு தோன்றுகிறது என்று சோதிப்பதிலுள்ள தொல்லையைத் தாமே பட்டறிந்தவர்கள். 2011இல் அத்தொல்லையைத் தீர்க்கும் பிரவுசர்சுடாக்கைத் தொடங்கினர். பெங்களூரில் பணிபுரிந்த அபினவ் அசுதானா, மென்பொருள்கள் தமக்குள் செய்தி பரிமாறும் இணைப்புகளைச் சோதிக்கத் தமக்கென ஒரு சிறு கருவி செய்து, 2012இல் அதனை இலவசமாக வெளியிட்டார். போசுட்மேன் என்னும் அக்கருவியைப் பயன்படுத்துவோர் பெருகிய பின்னரே, 2014இல் நண்பர் இருவரோடு சேர்ந்து நிறுவனம் கண்டார். இவர்கள் சந்தையை ஆராய்ந்து கருவி செய்தவர்கள் அல்லர். தம் விரலில் குத்திய முள்ளை எடுக்க ஊசி செய்தவர்கள்.

புகழ் வேறு, பொருள் வேறு

நிரலாளர் உலகில் இலவசமாகத் தருவது வழக்கம். மூலநிரலையே திறந்து வைத்து, 'எடுத்துக்கொள்க, திருத்திக்கொள்க' என்று வழங்கும் பண்பு அங்கு வேரூன்றியுள்ளது. அது போற்றத்தக்கது. ஆனால், புகழைப் பொருள் என்று மயங்குதல் பெரும் பிழையாகும்.

டாக்கர் என்னும் கருவியின் கதையை எண்ணிப் பார்ப்போம். 2013 மார்ச்சில் சாலமன் ஐக்சு ஒரு மாநாட்டில் ஐந்து நிமிட அளவில் அதனை அறிமுகம் செய்தார். மென்பொருள் ஒன்றை அதற்கு வேண்டிய எல்லாவற்றோடும் ஒரே பெட்டியில் அடைத்து, எந்தக் கணிப்பொறிக்கும் கொண்டு செல்ல உதவும் கருவி அது. ஓரிரு ஆண்டுகளில் உலகமே அதனை ஏற்றது. முதலீட்டாளர் பெரும்பணம் கொட்டினர். எனினும், எதனை விற்பது என்பதில் நிறுவனம் தெளிவு பெறவில்லை. 2019 நவம்பரில் பெருநிறுவனங்களுக்கான தன் வணிகப் பிரிவையே பிறர்க்கு விற்றுச் சுருங்கியது. 250க்கு மேற்பட்ட பணியாளர் அல்லது ஒரு கோடி டாலர்க்கு மேற்பட்ட வருவாய் உடைய நிறுவனங்கள் தன் மேசைக்கணினிப் பதிப்புக்குச் சந்தா செலுத்த வேண்டும் என்று 2021இல் விதித்த பின்னரே மீண்டு எழுந்தது. வலியவரிடம் பெற்று எளியவர்க்கு இலவசமாய் விடும் அம்முறையை முதலிலேயே வகுத்திருப்பின் இத்துணை அல்லல் நேர்ந்திராது.

மீளாதவர்களும் உளர். 2009இல் தோன்றிய ரீதிங்க்டிபி என்னும் தரவுத்தள நிறுவனம் நுட்பத்தில் குறைவுடையதன்று. அதனைப் பயன்படுத்தியோர் உளமாரப் பாராட்டினர். ஆயினும், பொருள் ஈட்ட வழி காணாது 2016 அக்டோபரில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டில் அதன் மூலநிரல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் பொதுவுடைமை ஆனது. நிறுவனம் மறைந்தது, கருவி வாழ்கிறது. கலைஞனுக்கு அது ஆறுதல். ஆனால், அவனை நம்பி ஊதியம் பெற்ற குடும்பங்களுக்கு அது ஆறுதல் ஆகுமா?

எனவே, முதல் நாளிலிருந்தே சிறு விலையேனும் வைத்து விற்றுப் பழகுதல் நன்று என்பது நம் துணிபு. 2002இல் சிட்னியில் மைக் கேனன் புரூக்சு, சுகாட் ஃபார்குவார் என்னும் இரு பல்கலைக்கழகத் தோழர்கள் கடன் அட்டையில் பெற்ற 10,000 ஆத்திரேலிய டாலரை முதலாகக் கொண்டு அட்லாசியனைத் தொடங்கினர். விலையை ஒளிவுமறைவின்றி அறிவித்தனர். விற்பனையாளர் படையை அமர்த்தவில்லை. தரம் உயர்ந்து விலை ஏற்கத்தக்கதாயின் பண்டம் தானே தன்னை விற்றுக்கொள்ளும் என்று நம்பினர். 2010 வரை பெரிய வெளிமுதலீடு எதுவும் பெறாமலே வளர்ந்து, 2015இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம் பெற்றனர். விலை என்பது பேராசையின் அடையாளம் அன்று. 'இது உனக்கு உண்மையில் பயன்படுகிறதா?' என்று கேட்கும் நேர்மையான வினா அது.

சொன்ன சொல் காத்தல்

இலவசமாக வழங்கிய ஒன்றைப் பின்னர் வேலி கட்டி அடைப்பது முறையா? இத்துறையில் இன்று அறம் சார்ந்த பெரிய வினா இதுவே.

2012இல் மிட்செல் அசிமோட்டோ, ஆர்மன் தாட்கர் இருவரும் தொடங்கிய ஆசிகார்ப் நிறுவனம் டெராஃபார்ம் முதலிய கருவிகளைத் திறந்த மூலநிரலாக வழங்கியது. உலகெங்குமுள்ள நிரலாளர் அவற்றைப் பயன்படுத்தியதோடு தம் உழைப்பையும் சேர்த்து அவற்றை வளர்த்தனர். 2023 ஆகசுட்டில் நிறுவனம் உரிமத்தை மாற்றி, தனக்குப் போட்டியாக அக்கருவிகளை விற்பதைத் தடுத்தது. சில கிழமைகளுக்குள் எதிர்ப்பாளர்கள் பழைய மூலநிரலை எடுத்து, ஓப்பன்டோஃபு என்ற பெயரில் தனிக்கிளை கண்டனர். 2024இல் ஐ.பி.எம். நிறுவனம் 640 கோடி டாலர் விலைக்கு ஆசிகார்ப்பை வாங்குவதாக அறிவித்து, 2025இல் வாங்கி முடித்தது.

நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சிலர் உழைத்துச் செய்த கருவியைப் பிறர் எடுத்து, ஒரு காசும் திருப்பித் தராமல் விற்றுப் பொருள் ஈட்டுவது பொறுக்கத்தக்கதா? அக்குறை மெய்யானதே. ஆனால், விருந்துக்கு அழைத்து இலை போட்டு அமர்த்திய பின்னர்க் கட்டணம் கேட்பது பண்பாடு அன்று. கட்டணம் உண்டெனில் வாயிலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். எது என்றும் இலவசம், எது விலைக்கு உரியது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்து, அதன்படி நடத்தலே கடமையாகும்.

இதற்கு மறுதலையாக ஒரு நிகழ்ச்சியையும் எடுத்துக்காட்டலாம். 2000இல் பிராகு நகரில் மூன்று நிரலாளர் தொடங்கிய ஜெட்பிரெயின்சு, 2015 செப்டம்பரில் தன் கருவிகளை ஒருமுறை விலைக்குத் தருவதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறப் போவதாக அறிவித்தது. 'சந்தா நின்றால் கருவியும் நின்றுவிடுமோ?' என்று வாடிக்கையாளர் கொதித்தனர். நிறுவனம் அவர்தம் சொல்லுக்குச் செவிசாய்த்து, அதே மாதத்தில் திட்டத்தைத் திருத்தியது. ஓராண்டுச் சந்தா செலுத்தியவர், பின்னர்ச் செலுத்தாவிடினும், உரிய பதிப்பை என்றும் பயன்படுத்தலாம் என்று உறுதி தந்தது. முதலீட்டாளரின் நெருக்குதல் இல்லாத நிறுவனம் அது. அதனாலேயே வாடிக்கையாளரின் குரல் அதன் செவியில் எளிதாக விழுந்தது என்று கருதுகிறோம்.

பிறர் பணமும் தன் ஈட்டமும்

முதலீட்டாளர் பணம் பெறுவதே வெற்றி என்னும் எண்ணம் இன்றைய இளைஞரிடம் பரவியுள்ளது. எத்தனை கோடி பெற்றார் என்பதே செய்தியாகிறது. எத்தனை பேர் விலை கொடுத்து வாங்கினர் என்பது செய்தியாவதில்லை. பிறர் பணம் தீயதென்று சொல்லமாட்டோம். போசுட்மேன் அத்தகைய முதலீட்டால் வளர்ந்து, 2021இல் 560 கோடி டாலர் மதிப்புடையதாகக் கணிக்கப்பட்டது. ஆனால், அப்பணம் வரும்போது தன் காலக்கெடுவையும் உடன் கொண்டு வருகிறது. பத்தாண்டில் பழுக்க வேண்டிய கனியை மூன்றாண்டில் கேட்கிறது. பிரவுசர்சுடாக் 2011 முதல் தன் வருவாயிலேயே வளர்ந்து, 2018இல்தான் முதன்முறையாகப் பெரிய வெளிமுதலீட்டை ஏற்றது. தன் காலில் நின்ற பின்னர்க் கைகோத்தவனுக்கும், நிற்க முடியாமல் கை நீட்டியவனுக்கும் வேறுபாடு உண்டன்றோ?

நம் தமிழகத்திலேயே சான்றுகள் உள. 1996இல் தோன்றிய அட்வென்ட்நெட் நிறுவனம் வலைப்பின்னல் கருவி செய்யும் ஆலைகளின் நிரலாளர்க்கு வேண்டிய மென்பொருள் கருவிகளைச் சென்னையில் ஆக்கி விற்றது. 2001ஆம் ஆண்டை ஒட்டித் தொலைத்தொடர்புத் துறை வீழ்ந்தபோது அதன் வாடிக்கையாளர் பலர் மறைந்தனர். வெளியார் முதலீடு இல்லாமையால் அதனை மூடச் சொல்வாரும் இல்லை. புதிய பண்டங்களுக்கு மாறி, 2009இல் சோஹோ என்று பெயர் கொண்டு, தென்காசி வட்டாரச் சிற்றூர் வரை கிளை பரப்பியது. கல்லூரிப் பட்டம் இல்லாத மாணவரையும் தானே பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தியது.

கோவையை எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாப்ட்டின் பிசுடாக் என்னும் மென்பொருளில் நெடுநாள் பழகிய சரவணகுமார், அதனைக் கண்காணித்து நிர்வகிப்பது எத்துணைக் கடினம் என்பதைத் தம் பணியிலேயே உணர்ந்தார். 2011இல் அதற்கெனவே பிசுடாக்360 என்ற கருவியைச் செய்தார். உலகமெல்லாம் வாங்கும் பண்டம் அன்று. சில ஆயிரம் நிறுவனங்களுக்கே வேண்டுவது. அக்குறுகிய சந்தையே போதுமானதாயிற்று. வெளிமுதலீடு இன்றி வளர்ந்த அவருடைய கோவை.கோ நிறுவனம் 2025 சனவரியில் தன் பணியாளர்க்கு 14 கோடி ரூபாய்க்கு மேல் ஊக்கத்தொகை பகிர்ந்தளித்த செய்தியை நாளேடுகளில் படித்தோம். ஈட்டியதைப் பகிரும் உரிமை, ஈட்டியவன் கையில் நிறுவனம் இருக்கும்போதுதான் முழுமையாகக் கிட்டும்.

எந்திரமே நிரல் எழுதும் காலம்

'செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதத் தொடங்கிவிட்ட இக்காலத்தில் கொல்லன் தெருவே இருக்குமா?' என்று சிலர் வினவக்கூடும். புறக்கணிக்க முடியாத வினா இது. 2022இல் கிட்ஹப் கோப்பைலட்டும் அதே ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடியும் பொதுமக்கள் கைக்கு வந்தபின் நிரல் எழுதும் முறையே மாறிவருகிறது. ஒரு மாலைப் பொழுதில் எந்திரத்தைக் கொண்டு ஆக்கிவிடத்தக்க எளிய கருவிகளுக்கு இனி விலை கிட்டாது. அதனை மறுப்பதற்கில்லை.

ஆயினும், நிரல் பெருகப் பெருக அதனைச் சோதிப்பதும் காப்பதும் புரிந்துகொள்வதும் பெருந்தொழிலாகும். நூல் மிகுதியாக நூற்கப்பட்டால் தறிக்கும் தரச் சோதனைக்கும் வேலை மிகுவது போன்றது இது. எந்திரம் எழுதியதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற வினாவுக்கு எந்திரம் விடை தராது. பொறுப்பேற்க முன்வரும் கருவியாளர்க்கு எக்காலத்தும் தேவை உண்டு.

மூவர்க்கு ஒரு வேண்டுகோள்

மாணவச் செல்வங்களே! நீங்கள் பயிலும்போதும் பணிபுரியும்போதும் உங்களை நாள்தோறும் தடுக்கும் சிறு தொல்லையைக் குறித்து வையுங்கள். உங்கள் முதற்பண்டம் அங்கேதான் மறைந்துள்ளது. பத்துப் பேர் விரும்பிப் பயன்படுத்தும்வரை நிறுவனப் பெயர்ப்பலகை வேண்டாம். ஒருவர் விலை கொடுத்து வாங்கும்வரை வெற்றி என்ற சொல்லும் வேண்டாம். கையேட்டைப் பிழையின்றி எழுதப் பழகுங்கள். மொழித்திறன் கலைத்துறையினர்க்கு மட்டும் உரியதன்று என்பதை அப்போது உணர்வீர்கள். தெளிவாக எழுதத் தெரியாதவன் செய்த கருவியை எவரும் தெளிவாகப் பயன்படுத்த இயலாது.

ஆசிரியப் பெருமக்களே! இறுதியாண்டுச் செயல்திட்டம் பல இடங்களில் விலைக்கு வாங்கித் தாக்கல் செய்யும் சடங்காகிவிட்டதை அறிவீர்கள். அட்டை கட்டிய தொகுதிக்கு மதிப்பெண் தருவதை விட்டு, வேறொரு துறை மாணவர் ஒருவரேனும் ஒரு பருவம் முழுதும் உண்மையில் பயன்படுத்திய மென்பொருளுக்கு மதிப்பெண் தாருங்கள். அந்த ஒரு மாற்றம் பல சொற்பொழிவுகளுக்கு ஈடாகும்.

சமுதாயப் பெரியோர்களே! கடல் கடந்து வாணிகம் செய்து, எழுத்தில் இல்லாத வாக்குறுதியையும் காத்த மரபில் வந்தவர்கள் நீங்கள். பட்டம் பெற்ற பிள்ளை மறுமாதமே ஊதியம் கொணர வேண்டும் என்று நெருக்கினால் கருவி செய்யும் கைகள் உருவாவது எங்ஙனம்? தகுதி உடையவர்க்கு ஈராண்டுக் காலம் பொறுமையையும் சிறுமுதலையும் தாருங்கள். இலாபத்திலும் இழப்பிலும் பங்கேற்கும் கூட்டாளியாக நில்லுங்கள். இத்தகைய முயற்சிகளில் பல வெல்லா என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். தோற்றவன் கற்றது வீணாகாது. அவனை நல்ல நிறுவனம் எதுவும் விரும்பி ஏற்கும். அவன் மீது ஊரார் சுமத்தும் இழிசொல்லே அவனை முடக்குவது. அதனைத் தடுக்கும் ஆற்றல் உங்கள் நாவுக்கு உண்டு.

கொல்லன் தெருவில் ஊசி விற்பது அரிது. அங்குப் பழுதுள்ள ஊசி ஒருநாளும் விலைபோகாது. பொய்ச்சொல் ஒருமுறைக்கு மேல் செல்லாது. ஆதலினால்தான் அத்தெருவில் நிலைத்த கடை வேறெந்தத் தெருவிலும் நிலைக்கும். அங்கே நம் பிள்ளைகளின் கடையும் ஒன்று இருக்கட்டும். அதன் வாயிலில் விலையும் வாக்கும் எவரும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கட்டும்.